மூன்று கிலோமீட்டர் லேசருக்கு எந்தக் கண்ணாடி? தேவனாம்பட்டினம் – முதுநகர் கணக்கு

அக்கா மகன் கடைசி வருடம் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடப் படிக்கும் பெண்ணையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கையில் நான்கு விலைப்பட்டியல். "மாமா, மெம்ஸ் கண்ணாடி வாங்கலாமா, பீசோ வாங்கலாமா? கல்லூரியில் பணம் ஒதுக்கிட்டாங்க, இந்த மாசத்துக்குள்ள ஆர்டர் போடணும்" என்றான்.

அவர்கள் செய்யப்போவது தேவனாம்பட்டினத்தில் ஒரு மொட்டை மாடிக்கும் கடலூர் முதுநகர் துறைமுகம் பக்கம் இன்னொரு மொட்டை மாடிக்கும் நடுவே லேசரில் ஒரு தகவல் இணைப்பு. தூரம் சுமார் 3 கிலோமீட்டர். நடுவில் கெடிலம் ஆறு, உப்பனாறு, கொஞ்சம் தென்னை, படகுகள். லேசர் கற்றை குறி தப்பாமல் இருக்க அதைத் திருப்பிக்கொண்டே இருக்கும் சின்னக் கண்ணாடியைத்தான் வாங்க வேண்டும். மெம்ஸ் என்றால் சிலிக்கான் சில்லில் செதுக்கிய நுண்கண்ணாடி. பீசோ என்றால் மின்னழுத்தம் கொடுத்தால் நீளும் பொருள் தள்ளித் திருப்பும் கண்ணாடி. நான் இருபது வருடமாகக் கடலூரிலும் புதுச்சேரியிலும் மாடிகளில் ரேடியோ இணைப்பு கட்டுகிறேன். அதற்கு முன்னால் சில வருடம் ஒரு ஆய்வகத்தில் ஒளியியல் மேசையில் வேலை பார்த்தேன். அந்த இரண்டு அனுபவத்தையும் சேர்த்து அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே கேள்வி இன்னும் பலருக்கு இருக்கும்.

கண்ணாடியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கற்றை எவ்வளவு ஒல்லியாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தாக வேண்டும். 1550 நானோமீட்டர் லேசரை 25 மி.மீ. தடிமனான கற்றையாக அனுப்பினால், இயற்பியல் அனுமதிக்கும் வரை, 3 கி.மீ. தள்ளி அது சுமார் 24 செ.மீ. வட்டமாகத்தான் விழும். அதைவிட ஒல்லியாக வேண்டுமானால் லென்ஸைப் பெரிதாக்க வேண்டும். அகலமாக வேண்டுமென்றால் சுலபம், லென்ஸைக் கொஞ்சம் குவியம் தப்ப வைத்தால் போதும்.

அகலமாக்கினால் என்ன நஷ்டம்? மில்லி ரேடியன் என்பது கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அகலும் கோணம். 1 மில்லி ரேடியன் விரிவு என்றால் அந்தப் பக்கம் 3 மீட்டர் வட்டம். அதில் 10 செ.மீ. லென்ஸ் பிடிப்பது ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 30 டெசிபெல் இழப்பு (ஒவ்வொரு 10 டெசிபெல்லுக்கும் ஒளி பத்தில் ஒன்றாகும்). விரிவைப் பத்தில் ஒன்றாக, 100 மைக்ரோ ரேடியனாகக் குறைத்தால் வட்டம் 30 செ.மீ., இழப்பு 10 டெசிபெல்லுக்குள். ஆக, துல்லியமாகக் குறிவைப்பதற்குக் கிடைக்கும் பலன் 20 டெசிபெல். இந்த 20 டெசிபெல்லுக்காகத்தான் அத்தனை கண்ணாடியும் அத்தனை பணமும்.

இதைச் சொன்னதும் பையன் "அப்போ மழையிலயும் ஓடுமா மாமா?" என்று கேட்டான். ஓடாது. மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் பெய்யும் மழை ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 20 டெசிபெல்லுக்கு மேல் விழுங்கும். மூன்று கிலோமீட்டருக்கு 60, 70 டெசிபெல். நம் துல்லியம் சேமித்துக் கொடுத்தது ஒரு கிலோமீட்டர் மழைக்குக்கூடக் காணாது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதையும், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறி நகரத்தையே முழுக வைத்ததையும் பார்த்தவர்கள் நாம். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும்போது லேசர் இணைப்பு நிற்கும் என்று எழுதி வைத்துவிட்டு, பக்கத்திலேயே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஒன்றைக் கட்ட வேண்டும். ரேடியோவின் வேகம் குறைவு, ஆனால் அந்த அலைக்கு மழை பெரிய பொருட்டில்லை. மார்கழி மூடுபனியும் அப்படித்தான். 300 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி, கிலோமீட்டருக்கு 50 டெசிபெல்லுக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

மழைக்காகக் கண்ணாடி வாங்கக் கூடாது. கண்ணாடி வாங்குவது அசைவுக்காக. எது அசைகிறது என்று பார்ப்போம்.

முதல் எதிரி காற்று என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். என் கணக்கில் முதல் எதிரி வெயில். மாடியில் 2 மீட்டர் உயரத்தில் 50 மி.மீ. ஜி.ஐ. பைப் நட்டு அதன் தலையில் கருவியை வைக்கலாம் என்று இருவரும் திட்டம் போட்டிருந்தார்கள். காலை ஏழு மணிக்குக் கிழக்கே கடல் பக்கமிருந்து வெயில் அடிக்கும். பைப்பின் கிழக்குப் பக்கம் மேற்குப் பக்கத்தைவிட 5 டிகிரி சூடாகிறது என்று வையுங்கள். இரும்பு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் 12 மைக்ரோமீட்டர் நீளும். சூடான பக்கம் நீள, பைப் மேற்குப் பக்கம் வளையும். தலை நகர்வது வெறும் 2.4 மி.மீ., கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தலையின் சாய்வு 2.4 மில்லி ரேடியன். 3 கி.மீ.க்கு அப்பால் அது 7 மீட்டர்! முதுநகர் மாடியில் விழ வேண்டிய கற்றை பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விடும்.

இதைத் தாளில் போட்டுக் காட்டியபோது அந்தப் பெண் பேனாவை வாங்கித் தானே ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தாள். அதே விடைதான். "அப்போ பைப்பே வேண்டாமா சார்?" என்றாள். வேண்டாம். மாடியின் தூண் எங்கே மேலே வருகிறதோ, அதற்கு நேர் மேலே முக்கால் மீட்டர் உயரத்துக்குத் தடிமனான கான்கிரீட் பீடம். அதற்கு வெள்ளை அடித்து, மேலே ஒரு கூரை நிழல். இதற்கு ஆகும் செலவு கண்ணாடி விலையில் ஒரு சிறு பங்குதான். விலைப்பட்டியல் எதிலும் இந்த வரி இல்லை.

இரண்டாவது அசைவு காற்றுவெளியிலேயே இருக்கிறது. போன மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை தேவனாம்பட்டினம் கரையில் நின்று எதிர்ப்பக்கம் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அண்ணன் வந்து, "தம்பி, இப்போ பார்த்தா அக்கரை தண்ணிக்கு மேல மிதக்கும். வெயில் ஏறினா இறங்கிடும்" என்றார். பைனாகுலரைக் கொடுத்தேன். அவருக்கு அது தேவைப்படவில்லை. அவர் சொன்னது அப்படியே உண்மை. குளிர் காலையில் தண்ணீர் வெதுவெதுப்பாகவும் மேலே காற்று குளிர்ந்தும் இருக்கும். மேலே போகப்போகக் காற்று அடர்த்தியாவதால் ஒளி மேல்நோக்கி வளையும். உயரம் ஒரு மீட்டர் கூடும்போது வெப்பம் பத்தில் ஒரு டிகிரி மாறினாலே போதும், 3 கி.மீ. பயணத்தில் கற்றை சுமார் 45 செ.மீ. இடம் மாறும். நம் வட்டமே 30 செ.மீ.தான். நல்ல வேளையாக இது மெதுவான மாற்றம், நிமிடங்கள் கணக்கில் நடக்கும். எவ்வளவு உயரமான மாடியில் வைக்கிறோமோ அவ்வளவு குறையும்.

மூன்றாவது, சூடான காற்றுத் துண்டுகளால் வரும் துடிப்பு. தார்ச்சாலைக்கு மேல் மதியம் தெரியும் அலை அலையான அசைவு, அதேதான். பகலில் மிதமான அளவுக்கு எடுத்துக்கொண்டால் 3 கி.மீ.க்கு ஒளி வந்து சேரும் திசை பத்துப் பதினைந்து மைக்ரோ ரேடியன் அங்குமிங்கும் ஆடும். அளவு சின்னது. ஆனால் விநாடிக்குப் பல பத்து முறை, சில நேரம் நூறு முறைக்கு மேல் மாறும். வேகமான கண்ணாடி என்ற ஒன்று தேவைப்படுவது இந்த மூன்றாவதுக்கும், காற்றில் கருவி அதிர்வதற்கும்தான். முதல் இரண்டுக்கும் மெதுவாகத் திரும்பும் மோட்டார் போதும்.

இப்போது தீர்ப்பை மாற்றக்கூடிய கேள்விக்கு வருகிறேன். வந்து சேரும் ஒளியை எதில் வாங்குகிறீர்கள்?

200 மைக்ரோமீட்டர் அகலமுள்ள ஏ.பி.டி. எனப்படும் ஒளியுணரியில் நேராக வாங்கினால், 20 செ.மீ. குவியத் தொலைவுள்ள லென்ஸோடு, 1 மில்லி ரேடியன் அகலத்துக்குள் எங்கிருந்து ஒளி வந்தாலும் அது பிடித்துக்கொள்ளும். அதாவது நடுவிலிருந்து இரு பக்கமும் 500 மைக்ரோ ரேடியன். காற்றின் துடிப்பு அதற்குத் தூசு. விநாடிக்கு 1 கிகாபிட் வேகத்துக்கு இது தாராளமாகப் போதும். மாறாக, 10 கிகாபிட் வேண்டும், கடையில் கிடைக்கும் ஃபைபர் மாட்யூலையே இரண்டு பக்கமும் செருக வேண்டும் என்றால், வரும் ஒளியை, ஒளி ஓடும் நடுப்பகுதி மிக ஒல்லியான ஒற்றைமோட் ஃபைபரின் நுனிக்குள் நுழைக்க வேண்டும். அங்கே இடம் 10 மைக்ரோமீட்டர்தான். ஃபைபர் ஏற்றுக்கொள்ளும் கூம்பும் குறுகலானது. அதனால் 10 செ.மீ. லென்ஸுக்குச் சுமார் 50 செ.மீ. குவியத் தொலைவு வேண்டும். கணக்குப் போட்டால் பிழைக்கு இடம் இரு பக்கமும் 10 மைக்ரோ ரேடியன். 3 கி.மீ. தள்ளி வைத்த ஒரு பத்து ரூபாய் நாணயத்தின் அகலம் அது. ஏ.பி.டி.யைவிட ஐம்பது மடங்கு இறுக்கம்.

எனவே விலைப்பட்டியலைத் தள்ளி வைத்துவிட்டு நான் கேட்டது இதைத்தான்: உங்களுக்கு 1 கிகாபிட் போதுமா, 10 கிகாபிட் வேண்டுமா? இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண் "1 போதும்" என்றாள். பையன் "10" என்றான்.

சரி, இரண்டுக்கும் பார்ப்போம்.

1 கிகாபிட்டுக்கு வேகமான கண்ணாடியே வேண்டாம். கருவியை அப்படியே இரண்டு அச்சில் மெதுவாகத் திருப்பும் தாங்கி, அதாவது கிம்பல் ஒன்று போதும். கண்காணிப்புக் கேமராவைத் திருப்பும் பி.டி.இசட். தலையைப் பயன்படுத்தலாமே என்று பையன் கேட்டான். அதன் துல்லியம் 0.1 டிகிரி என்று வைத்தால் 1.7 மில்லி ரேடியன், அந்தப் பக்கம் 5 மீட்டர். ஆகாது. 200 படி ஸ்டெப்பர் மோட்டாரை 16 நுண்படிகளாகப் பிரித்து, 100-க்கு 1 வார்ம் கியர் போட்டால் ஒரு படி 20 மைக்ரோ ரேடியன் வரும். தாளில் அழகாக இருக்கும் எண். நடைமுறையில் மலிவான வார்ம் கியரின் லூஸ் மட்டுமே 1 மில்லி ரேடியன் இருக்கும். திசை மாற்றும்போதெல்லாம் மோட்டார் சுற்றும், தலை நகராது. இதற்குப் பழைய மருந்து ஒன்று உண்டு: ஒரு பக்கமாக ஸ்பிரிங்கோ எடையோ கட்டி, பல்லை எப்போதும் ஒரே பக்கம் அழுத்தி வைப்பது. டெலஸ்கோப் கட்டுபவர்கள் காலகாலமாகச் செய்வது. அதைச் செய்துவிட்டால், கற்றை விரிவை 300 மைக்ரோ ரேடியனாக வைத்துக்கொண்டு கிம்பல் மட்டுமே ஒரு நாள் முழுக்கப் பிடித்துக்கொள்ளும். 2021-ல் இஸ்ரோவின் அகமதாபாத் மையம் 300 மீட்டருக்குத் திறந்தவெளிக் குவாண்டம் தகவல்தொடர்பு செய்து காட்டியபோதும், பெரிய டெலஸ்கோப்புகளுக்குப் பதில் கிம்பலை வைத்துத்தான் இரு முனைகளையும் நேர்படுத்தினார்கள்.

கொஞ்சம் குறி தப்பினால் என்ன ஆகும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. கற்றை விரிவின் பாதியைப் பாதிக் கோணம் என்போம். அதில் பாதி அளவு தப்பினால் இழப்பு 2 டெசிபெல் சொச்சம்தான். முழுப் பாதிக் கோணமும் தப்பினால் கிட்டத்தட்ட 9 டெசிபெல். அதற்கு மேல் மிக வேகமாக விழும். ஆகவே குறி எவ்வளவு தப்பும் என்று தெரிந்தால், விரிவை அதைப்போல நாலு மடங்குக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விதி நிறைய ராத்தூக்கத்தைக் காப்பாற்றும்.

10 கிகாபிட், ஃபைபருக்குள் என்றால் கதை வேறு. கிம்பலுக்கு மேல் வேகமான ஒரு கண்ணாடி கட்டாயம். இங்கே நான்கு போட்டியாளர்கள். இவர்களைப் பிரித்துப் பார்க்க ஒரு சங்கதியைப் புரிந்துகொண்டால் போதும். பெரிய லென்ஸில் வாங்கிய கற்றையை உள்ளே சுருக்கினால், அகலம் எத்தனை மடங்கு குறைகிறதோ கோணம் அத்தனை மடங்கு பெருகும். 10 செ.மீ. கற்றையைப் பத்தில் ஒன்றாக்கினால் உள்ளே 1 செ.மீ., ஆனால் வெளியே 200 மைக்ரோ ரேடியன் அசைவு உள்ளே 2 மில்லி ரேடியன். கண்ணாடி திரும்பும் கோணத்தைப்போல இரண்டு மடங்கு கற்றை திரும்பும் என்பதால் கண்ணாடி 1 மில்லி ரேடியன் திரும்பினால் சரியாகிவிடும். இந்தப் பேரத்தில் கண்ணாடி எவ்வளவு பெரிது, எவ்வளவு தூரம் திரும்பும், எவ்வளவு வேகம் என்ற மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும்.

மெம்ஸ் கண்ணாடியைப் பார்த்தால் ஆசை வரும். விரல் நகத்தைவிடச் சின்னது, தேய்மானம் கிடையாது, ஒற்றைப் படிகச் சிலிக்கான் வளைந்து வளைந்து ஆண்டுக்கணக்கில் உழைக்கும். சில டிகிரி திரும்பும். கண்ணாடி மூடிக்குள் அடைத்தே வருவதால் உப்புக்காற்று தொடாது. இவ்வளவு நல்லதும் 1, 2 மி.மீ. கண்ணாடிக்கு. 4, 5 மி.மீ. கேட்டால் இயல்பு அதிர்வெண் கிலோஹெர்ட்ஸிலிருந்து சில நூறு ஹெர்ட்ஸுக்கு இறங்கி, வேகம் போய்விடும். நமக்கு உள்ளே வரும் கற்றை 1 செ.மீ., 45 டிகிரியில் சாய்த்து வைத்த கண்ணாடி 14 மி.மீ. இருந்தால்தான் அது முழுதாக விழும். இருபது மடங்கு சுருக்கினாலும் 7 மி.மீ. வேண்டும். அனுப்பும் கற்றைக்கு மட்டும் என்றால் மெம்ஸ் அருமை. அனுப்பவும் வாங்கவும் ஒரே கண்ணாடி என்றால் அது பத்தாது. இன்னொன்று, இதில் தணிப்பு மிகக் குறைவு. மணியைத் தட்டியதுபோல ஒரு தட்டலுக்கு நெடுநேரம் அதிரும். கட்டளையை வடிகட்டித்தான் அனுப்ப வேண்டும். ஆய்வகத்தில் ஒருமுறை நான் எழுதிய நிரலில் மின்னழுத்த வரம்பை ஒரு இலக்கம் தவறாகப் போட்டுவிட்டேன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது கண்ணாடி இருந்த இடத்தில் உடைந்த கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. வரம்பை நிரலில் மட்டும் வைக்காதீர்கள், மின்சுற்றிலேயே வையுங்கள்.

பீசோ கண்ணாடி துல்லியத்துக்குப் பேர்போனது. மைக்ரோ ரேடியனிலும் சின்னப் பங்கைத் திருப்பும், வேகமும் அதிகம். 25 மி.மீ. கண்ணாடியையும் தாங்கும். ஆனால் பொதுவாகக் கிடைப்பவை ஒன்றிரண்டு மில்லி ரேடியன்தான் திரும்பும். மேலே போட்ட கணக்கில் நமக்குத் தேவையே 1 மில்லி ரேடியன் வந்துவிட்டது. எல்லையில் நின்று வேலை செய்வதுபோல ஆகும், கிம்பல் ஒரு கணம் பின்தங்கினால் கை எட்டாது. போன வழியிலேயே திரும்பி வராத பழக்கமும் அதற்கு உண்டு. எங்கே நிற்கிறது என்று அளந்து திருத்தும் பின்னூட்டம் இல்லாவிட்டால் 10 முதல் 15 விழுக்காடு வரை பிசகும். ஆனால் எனக்குப் பெரிய தயக்கம் ஈரப்பதம். அடுக்கடுக்கான பீசோவை நூறு வோல்ட்டுக்கு மேல் நாள் முழுக்க ஈரக்காற்றில் நிறுத்தி வைத்தால் உள்ளே மின்கசிவு வளர்ந்து ஆயுள் குறையும். குளிரூட்டிய ஆய்வகத்தில் அது ராஜா. கடலூர் மாடியில், கடற்கரையிலிருந்து நடக்கும் தூரத்தில், முழுக்க அடைத்த பெட்டியும் உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையும் இல்லாமல் நான் வைக்க மாட்டேன்.

கேல்வோ என்பது லேசர் ஷோவிலும் லேசர் மார்க்கிங் மெஷினிலும் இருப்பது. இரண்டு சின்ன மோட்டார், இரண்டு கண்ணாடி. மற்றவை லட்சக்கணக்கில் போகும்போது இதன் எளிய வகை சில பத்தாயிரத்துக்குள் கிடைக்கும். நிறையத் திரும்பும். சூட்டில் பூஜ்ஜியம் நகரும் என்பது குறை, ஆனால் ஒளியையே பார்த்துத் திருத்தும் பின்னூட்டம் இருந்தால் அது தெரியாது. இரண்டு கண்ணாடியும் ஒரே இடத்தில் இல்லாததால் கற்றை கொஞ்சம் பக்கவாட்டில் நடக்கும், நம் சின்னக் கோணங்களுக்குப் பொறுத்துக்கொள்ளலாம். விளக்கத்தாளில் எளிதில் கண்ணில் படாத விஷயம் ஒன்று: ஒரே இடத்தில் சின்னச் சின்னதாக ஆடிக்கொண்டே இருந்தால் பேரிங்கில் உள்ள கிரீஸ் ஓரமாக ஒதுங்கிவிடும். தினமும் ஒரு தடவை, இணைப்பு வேலை இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஆட்டிவிட வேண்டும்.

வாய்ஸ் காயில் கண்ணாடி, ஒலிபெருக்கியின் சுருளும் காந்தமும் போன்ற அமைப்பு. கண்ணாடி மெல்லிய ஸ்பிரிங் தகட்டில் தொங்கும், நான்கு பக்கமும் சுருள் தள்ளி இழுக்கும். 25 மி.மீ. கண்ணாடி, ஒரு டிகிரியும் அதற்கு மேலும் திருப்பம், பிழையைப் பார்த்துத் திருத்தும் வேகம் சில நூறு ஹெர்ட்ஸ். உரசல் இல்லை, உயர் மின்னழுத்தம் இல்லை. ஒரு கோணத்தில் நிறுத்தி வைக்கவே மின்சாரம் வேண்டும், சுருள் சூடாகும் என்பது குறை. கரண்ட் போனால் கண்ணாடி தன்பாட்டுக்கு நடுவில் ஆடிக்கொண்டிருக்கும். மின்வெட்டு முடிந்து வந்ததும் குறியை மறுபடி தேட வேண்டியிருக்கும். அதற்குச் சுழல் வடிவத்தில் தேடும் சின்ன நிரல் எழுதிக்கொள்ளலாம். அனுப்பவும் வாங்கவும் ஒரே 10 செ.மீ. லென்ஸ், 10 கிகாபிட், கடலோர மாடி, இந்த மூன்றும் சேர்ந்தால் என் கை இதைத்தான் எடுக்கும். விலை மட்டும்தான் தடை.

மற்றவை சுருக்கமாக. சுழலும் இரட்டைப் பட்டகம் உறுதியானது, முழுக்க அடைத்துவிடலாம், ஆனால் நடு மையத்துக்கு அருகே சின்ன நகர்வுக்கும் பட்டகத்தைப் பெருஞ்சுற்றுச் சுற்ற வேண்டியிருக்கும். நாம் இருக்கப்போவதே நடு மையத்தில். திரவப் படிகம் மெதுவானது. சிலிக்கான் சில்லிலேயே ஒளியைத் திருப்புவது நாளைக்கான வழி. கூகுளின் தாய் நிறுவனத்தில் பிறந்த தாரா குழு 2025-ல் அப்படி ஒரு சில்லை அறிவித்தது, திறந்தவெளியில் 1 கி.மீ.க்கு 10 கிகாபிட் அனுப்பிக் காட்டியது. அதே குழு அதற்கு முன்னால் காங்கோ ஆற்றின் குறுக்கே பிராசவில்லுக்கும் கின்ஷாசாவுக்கும் நடுவே ஏறக்குறைய 5 கி.மீ. இணைத்து, 20 நாளில் சுமார் 700 டெராபைட் கடத்தியது கண்ணாடிகளை அசைத்துத்தான். நம் உப்பனாற்றுக்கு நெருங்கிய சொந்தம் அந்த இணைப்பு. நடுவில் தண்ணீர், இரு பக்கமும் ஊர்.

பையனுக்கு விண்வெளி என்றால் உயிர். அங்கே எதை வைக்கிறார்கள் என்று கேட்டான். அங்கேயும் அடுக்கு முறைதான்: முரட்டுத் திருப்பம் ஒன்று, நுண் திருப்பம் ஒன்று, குறி சொல்ல எதிர்ப்பக்கமிருந்து ஒரு விளக்கு. நாசாவின் சைக்கி விண்கலம் 2023 டிசம்பரில் 3 கோடியே 10 லட்சம் கி.மீ. தூரத்திலிருந்து விநாடிக்கு 267 மெகாபிட் அனுப்பியபோது, பூமியிலிருந்து போன 1064 நானோமீட்டர் கற்றையைப் பார்த்துத்தான் தன் 1550 நானோமீட்டர் கற்றையைக் குறிவைத்தது. அங்கே கூடுதலாக இன்னொரு சிக்கல், ஒளி போய்ச் சேரும் நேரத்துக்குள் எதிராளி நகர்ந்திருப்பார். தாழ்ந்த சுற்றுப்பாதைச் செயற்கைக்கோளுக்கே 50 மைக்ரோ ரேடியன் முன்கூட்டிக் குறிவைக்க வேண்டும். ஓடுகிற படகை எட்டிப் பிடிக்கும்படி கயிறு வீசுவதுபோல. முதுநகர் மாடி எங்கும் போகாது, அந்தத் தொல்லை நமக்கில்லை.

குறி சொல்லும் விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஒளி எந்தப் பக்கம் விலகுகிறது என்று காட்டும், நான்காகப் பிரித்த சிலிக்கான் ஒளியுணரி மலிவு, நல்ல வேகம். ஆனால் சிலிக்கானுக்கு 1550 தெரியாது. எனவே இரு பக்கமும் 850 நானோமீட்டரில் அகலமான ஒரு கற்றையைத் தனியாக அனுப்பி, அதை விநாடிக்குப் பத்தாயிரம் முறை அணைத்து ஏற்றினால், உணரி வெயிலை ஒதுக்கிவிட்டு அதை மட்டும் பார்க்கும். நம் பாதை ஏறக்குறைய வடக்கு தெற்காக இருப்பது அதிர்ஷ்டம், உதிக்கும் சூரியனும் மறையும் சூரியனும் நேராக லென்ஸுக்குள் வராது.

இதைவிட முக்கியம் கண். கற்றைக்குக் கீழே படகு போகும், மாடியில் துணி காயப்போடுவார்கள், பிள்ளைகள் பட்டம் விடுவார்கள். 1550 நானோமீட்டர் ஒளி கண்ணின் முன்பக்கத்திலேயே உறிஞ்சப்பட்டுவிடும், விழித்திரைக்குப் போகாது. அதனால் கண்ணுக்குத் தீங்கில்லை என்று வகைப்படுத்தும் முதல் வகுப்பு லேசரின் வரம்பு 10 மில்லிவாட் வரை இருக்கிறது. 850 அப்படி இல்லை, நேரே விழித்திரையில் குவியும், கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. அதற்கு வரம்பு 1 மில்லிவாட்டுக்கும் கீழே. விளக்குக் கற்றையின் மொத்தச் சக்தியையே அந்த வரம்புக்குள் வையுங்கள். சக்தி போதவில்லை என்றால் வாங்கும் லென்ஸைப் பெரிதாக்குங்கள், விளக்கை ஏற்றாதீர்கள். நேர்படுத்தும்போது பைனாகுலரில் எதிர்ப்பக்கத்தைப் பார்ப்பது நமக்குப் பழக்கம். அந்த நேரத்தில் எதிர்ப்பக்க லேசர் அணைந்திருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டுத்தான் கண்ணை வைக்க வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இரண்டு மணிநேரம் பேசி முடித்தபோது விலைப்பட்டியல் நான்கும் மேசைக்கு அடியில் கிடந்தன. என் யோசனை இதுதான். முதலில் பீடம். பீடத்தின் மேல் கிம்பல், 200 மைக்ரோமீட்டர் ஏ.பி.டி., 300 மைக்ரோ ரேடியன் விரிவு, 1 கிகாபிட். நான்கு பகுதி ஒளியுணரியை முதல் நாளிலிருந்தே வைத்து, குறி எவ்வளவு, எந்த வேகத்தில் ஆடுகிறது என்று ஒரு மாதம் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவில் 10 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் பெரும்பாலான ஆட்டம் என்று தெரிந்தால், ஃபைபருக்குப் போகும்போதும் கேல்வோ போதும். 100 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்திலும் ஆட்டம் இருந்தால் வாய்ஸ் காயிலுக்குப் பணம் கேளுங்கள், அந்தப் பதிவையே காரணமாகக் காட்டுங்கள். கண்ணாடி செருகும் இடத்தை மட்டும் இப்போதே பெட்டிக்குள் காலியாக விட்டு வையுங்கள்.

பையனுக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. மெம்ஸ் வாங்கும் ஆசை அவனுக்கு. "அனுப்பும் பக்கத்துக்கு மட்டும் பிறகு வாங்கலாம்டா" என்றேன். அந்தப் பெண் அதற்குள் பீடத்துக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் என்று கணக்குப் போட ஆரம்பித்திருந்தாள்.

போன புதன்கிழமை தேவனாம்பட்டினம் மாடியில் கலவை போட்டார்கள். நடுவில் நான்கு ஆங்கர் போல்ட் நிமிர்ந்து நிற்கிறது, இரசமட்டம் வைத்துப் பார்த்தேன், நேராக இருக்கிறது. மேலே ஈரச்சாக்கு சுற்றியிருக்கிறது. காலையில் அவனும் சாயங்காலம் அவளும் வந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள். முதுநகர் பக்கத்துப் பீடத்துக்கு வீட்டுக்காரர் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.